வீட்டுச் சமையலில் நாய்க்குச் சைவ உணவு: எது போதும், எது போதாது?

கேள்வி: டாக்டர், நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறோம். எங்களிடம் நான்கு வயதான, 12 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட உள்ளூர்க் கலப்பின ஆண் நாய் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் சைவம். சமையலறையில் இறைச்சி நுழைவதை மாமியார் விரும்புவதில்லை. கடையில் வாங்கும் நாய் உணவின் விலையும் ஏறிக்கொண்டே போவதால், சில மாதங்களாகப் பருப்புச் சோறும் தயிர்ச் சோறும் கொடுத்து வருகிறோம். சில நாள்களில் சாம்பார்ச் சாதமும் உண்டு. விரும்பித்தான் சாப்பிடுகிறான். ஆனால் அண்மைக் காலமாக முடி அதிகம் உதிர்கிறது. தாவர உணவை மட்டும் குறைந்த செலவில் சமைத்துக் கொடுத்து அவனை நலமாக வளர்க்க முடியுமா? – ஒரு வாசகி

பதில்: முடியும். ஆனால் நீங்கள் இப்போது கொடுத்துவரும் பருப்புச் சோற்றை மட்டும் வைத்து முடியாது. சாம்பாரை இன்றே நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைப்பவை. சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டுப் பொடி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வேகவைப்பதால் அந்த நச்சுத்தன்மை போவதில்லை. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுத்த செந்நிறமாக மாறுவதும் தெரியவரும் என்பதால், முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று யாரும் அமைதி அடைந்துவிடக் கூடாது.

நாய் மனிதரோடு வாழத் தொடங்கிய நெடுங்காலத்தில், மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை ஓநாயைவிட அதிகமாகப் பெற்றுவிட்டது. காய்கறியில் உள்ள பீட்டா கரோட்டினிலிருந்து வைட்டமின் ஏ-யை அதனால் உருவாக்கிக்கொள்ள முடியும். மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள் போதுமான அளவு கிடைத்தால், இதயத்துக்கு வேண்டிய டாரின் என்னும் சத்தையும் உடலே தயாரித்துக்கொள்ளும். இதனால்தான் நலமாக இருக்கும் வளர்ந்த நாய்க்குத் தாவர உணவு ஒத்துப்போக வழி இருக்கிறது. பூனைக்கு இந்தத் திறன்கள் இல்லை. 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டதால், நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகள் பெருகும். நாய்க்குச் சமைத்ததைப் பூனையின் தட்டில் வைக்க வேண்டாம்.

பருப்புச் சோற்றின் முதன்மையான குறை கால்சியம். தானியத்திலும் பயறு வகைகளிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். நாயின் உணவில் பாஸ்பரசுக்குச் சமமாகவோ, இரண்டு மடங்கு வரையிலோ கால்சியம் இருக்க வேண்டும். தயிர் சிறிது ஈடுசெய்யும், ஆனால் ஒரு கரண்டித் தயிர் இந்தக் கணக்கை நேராக்காது. உணவில் கால்சியம் குறையும்போது உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்து இரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதுபோல் தெரியும்போதே எலும்பு மெலிந்துவரும். சோறும் வேகவைத்த காயும் மட்டுமே உண்டு வளர்ந்த ஒரு குட்டியை நான் பரிசோதித்திருக்கிறேன். எக்ஸ்ரே படத்தில் அதன் கால் எலும்பு, சுற்றியுள்ள தசையைவிடச் சற்றே வெளிறிய கோடாகத்தான் தெரிந்தது. தாடையை விரலால் மெல்ல அழுத்தினால் வளைந்து கொடுத்தது. வளரும் குட்டிகளுக்கும் சினையாக இருக்கும் அல்லது பாலூட்டும் நாய்களுக்கும் வீட்டுச் சைவச் சமையலை நான் பரிந்துரைப்பதே இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

கால்சியத்துக்கு அடுத்து வைட்டமின் பி12, வைட்டமின் டி, துத்தநாகம், அயோடின், கோலின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பி12 தாவரத்தில் நம்பும் அளவுக்குக் கிடைப்பதில்லை. வெயிலில் நடத்திச் சென்றால் வைட்டமின் டி வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நாயின் தோல் மனிதத் தோலைப்போல அதைத் தேவையான அளவு உற்பத்தி செய்யாது, உணவிலிருந்தே வர வேண்டும். துத்தநாகம் பருப்பில் இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் என்னும் சேர்மம் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை. இக்குறைகள் நீங்கள் ஒருவர் மட்டும் தவறவிடுபவை என்று வருந்த வேண்டாம். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த நாய் உணவுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 95 விழுக்காட்டில் குறைந்தது ஓர் ஊட்டச்சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது.

இனி உங்கள் நாய்க்கான அளவைச் சொல்கிறேன். கருத்தடை செய்யப்பட்ட, 12 கிலோ எடையுள்ள, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 முதல் 720 கலோரி போதும். அதற்கு அடிப்படையாக, உலர்ந்த சோயா உருண்டை (நம் கடைகளில் மீல் மேக்கர் என்பது) 50 கிராம், தெம்பே (நொதிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராம், வடித்த சோறு 120 கிராம், பரங்கிக்காயும் கேரட்டுமாக 80 கிராம், சூரியகாந்தி எண்ணெய் அல்லது சோயா எண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். இது சுமார் 640 கலோரியும் 50 கிராமுக்குச் சற்றே குறைவான புரதமும் தரும். இந்த அளவு கலோரிக்கு நாய் உணவில் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்சப் புரதத்தைவிட இது கூடுதல். சோயாவிலும் பயறிலும் மெத்தியோனின் குறைவு என்பதால் புரதத்தைச் சிறிது தாராளமாகவே வைத்திருக்கிறேன்; சோறு அக்குறையை ஓரளவு நிரவும். சோயா உருண்டையை நன்கு கொதிக்கவைத்து, நீரை இறுத்துக் கொட்டி, பிழிந்து, பொடியாக நறுக்கிச் சேருங்கள். வயிற்றில் வாயு சேர்வதைக் குறைக்க இது உதவும். தெம்பேயை ஆவியில் வேகவைத்தால் போதும். தேக்கா சந்தையிலும் அக்கம்பக்கத்து ஈரச்சந்தையிலும் மலிவாகக் கிடைக்கும் பொருள்களாகப் பார்த்துத்தான் இவற்றைச் சொன்னேன். எப்போதாவது ராஜ்மா சேர்ப்பதானால், ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் தளதளவென்று கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் அதன் நச்சு முழுமையாக அழியாது.

இந்த உணவில் உள்ள கால்சியம் கால் கிராம் அளவுதான். அவனுக்கு வேண்டியதோ நாளுக்கு 0.8 கிராமுக்கு மேல். ஆகவே இதை அப்படியே கொடுத்துவிடாமல், வீட்டுச் சமையலுக்கென்றே தயாரிக்கப்படும் நாய்களுக்கான முழுமையான வைட்டமின், தாதுப் பொடியை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்லும் அளவில் நாள்தோறும் கலக்க வேண்டும். பொடி வாங்கும்போது தாவர உணவுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்; இறைச்சி உணவைக் கருத்தில்கொண்டு தயாரித்த பொடிகளில் இங்கே தேவையான சில சத்துகள் இருக்காது. செலவைக் குறைக்க வேண்டிய இடம் சந்தைக்கூடை. பொடியில் குறைக்கக் கூடாது. பொடி வாங்க வசதிப்படாத மாதங்களில், தாவரப் புரதத்தால் தயாரித்து ‘முழுமையான உணவு’ என்று குறிக்கப்பட்ட உலர் உணவையே முதன்மையாகக் கொடுத்து, வீட்டில் சமைத்ததை நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. என் கணிப்பில், வேலைக்குச் செல்பவர்கள் உள்ள பல குடும்பங்களுக்கு இந்த வழியே நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

பொடிக்குப் பதிலாக நீங்கள் உண்ணும் மாத்திரைகளைப் பொடித்துப் போடுவது ஆபத்தானது. வாரம் ஒரு முறை விழுங்கும் 60,000 அலகு வைட்டமின் டி மாத்திரை ஒன்றே ஒரு சிறிய நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். இரும்புச்சத்து மாத்திரைகளும் நஞ்சாகும். மெல்லும் வைட்டமின் மிட்டாய்களில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருந்தால் நாயின் இரத்தச் சர்க்கரை திடீரென்று சரிந்துவிடும். பாயசத்துக்கு வாங்கி வைத்த உலர் திராட்சையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பழையதோடு சிறிது சிறிதாகக் கூட்டிக் கலந்து கொடுங்கள். நம் வெப்பத்தில் சமைத்த சோறும் சோயாவும் மேசைமேல் கிடந்தால் விரைவில் கெட்டுவிடும். ஆறியதும் வேளைக்கு ஒன்றாகப் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், மூன்று நாளுக்கு மேற்பட்டதை உறையவையுங்கள். பொடியைச் சூடான உணவில் சேர்க்காமல், பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். தாவர உணவில் சிறுநீர் காரத்தன்மை பெறும் போக்கு இருப்பதால் கற்கள் உருவாகின்றனவா என்று பார்ப்பது அவசியம். இதயத்தையும் மறக்கக் கூடாது. பட்டாணி, பயறு வகைகள் மிகுந்த சில உணவுகளுக்கும் இதயத் தசை விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. காரண காரியத் தொடர்பு உறுதிப்படவில்லை என்றாலும், தாவர உணவு உண்ணும் நாய்களுக்கு டாரினும் கார்னிட்டின் என்னும் சத்தும் துணையாகக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். நடக்கும்போது வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து உட்கார்வது, இரவில் இருமுவது, மயங்கி விழுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் நீங்களே வாரம் ஒரு முறை எடை பார்த்து, விரல்களைத் தட்டையாக வைத்து அவன் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

முடி உதிர்வைப் பொறுத்தவரை, உணவை மாற்றிப் பார்த்துவிட்டுக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணையும் வாயையும் சுற்றியும் பாதத்தின் அடிப்பகுதியிலும் தடித்த பொருக்கு இருந்தால் துத்தநாகக் குறையை முதலில் ஐயுற வேண்டும். காதிலும் அக்குளிலும் எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த வாடையும் இருந்தால், நம் ஈரப்பதத்தில் அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். உண்ணி, தோல்செல் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கடந்த சில மாதங்களில் என்னென்ன உணவு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை, சாம்பார்ச் சாதம் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.