கார் கண்ணாடி மெதுவாக ஏறி பாதியில் நின்றுவிடுகிறது. பவர் விண்டோ மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

புதுச்சேரியில் ஓடும் கார், ஏழு வருடம் ஆகிறது, டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் தவழ்ந்து ஏறுகிறது, மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாருக்குப் பணம் கொடுக்கும் முன் பீடிங்கைப் பாருங்கள். கடலோர ஊர்களில் இந்தக் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் ரப்பர் பீடிங் இருக்கும். அதன் உட்புறம் வெல்வெட் மாதிரி மெல்லிய பூச்சு உண்டு. கண்ணாடி அதன் மேல்தான் வழுக்கிச் செல்கிறது. கடற்காற்றில் வரும் உப்பும் மணலும் அதில் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடித்துவைக்கும். பிறகு வெயிலில் ரப்பர் காய்ந்து கண்ணாடியை இறுக்குகிறது. மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துச் சூடேறுகிறது. சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு பல மோட்டார்களின் உள்ளேயே இருக்கிறது. கண்ணாடி பாதியில் நின்று, சில நிமிடம் கழித்துத் திரும்ப வேலை செய்வது இதனால்தான். இதைப் பார்த்து மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அதே காய்ந்த பீடிங்கில் புது மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நாள் வேகமாக ஓடும், பிறகு அதுவும் அதே சுமையில் தேயும்.

எஞ்சினை ஓடவிட்டு, எதிர்ப்பக்க முன்கதவுக் கண்ணாடியோடு ஒப்பிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் அடியிலிருந்து உச்சிக்கு ஏற சுமார் 4, 5 விநாடி போதும். நான்கு கண்ணாடியும் மந்தம் என்றால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி), எர்த் (பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) பக்கம் போங்கள். ஒன்று மட்டும் மந்தம், இறங்கும்போது நன்றாக இறங்குகிறது, ஏறும்போதுதான் திணறுகிறது என்றால் உராய்வு. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு சோர்வு என்றால் கரண்ட் சரியாகப் போகாமல் இருக்கலாம். கண்ணாடி சாய்ந்து ஏறினாலோ கடகடவென்று சத்தம் வந்தாலோ கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் பிரிந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும். அப்போது ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

பீடிங்கைச் சுத்தம் செய்ய அரை லிட்டர் தண்ணீரில் சில சொட்டு கார் ஷாம்பு போதும். கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, நனைத்துப் பிழிந்து, முன்பக்கப் பள்ளம், பின்பக்கப் பள்ளம், மேல் விளிம்பு மூன்றிலும் ஓட்டுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை அலசி அலசிச் செய்ய வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரேயின் குழாயைப் பள்ளத்துக்குள் நுழைத்து, சிறு சிறு பீச்சலாக நீளம் முழுவதும் அடியுங்கள். கண்ணாடியை ஐந்தாறு முறை, இடையில் மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து, ஏற்றி இறக்குங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்; முன் கண்ணாடியில் பட்டால் மழையில் வைப்பர் போடும்போது மங்கும்.

சாதாரண டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்பிரே), தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் பீடிங்கில் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெயில் இந்த ரப்பர் ஊதும். எண்ணெய்ப் பசை மணலைப் பிடித்துக் கண்ணாடியில் கீறல் போடும். வெள்ளை லித்தியம் கிரீஸ் கதவுக்குள் இருக்கும் ரெகுலேட்டர் தண்டவாளத்துக்கு மட்டும். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதன் ஓரம் உரிந்து பீடிங்கில் மாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இதற்குப் பிறகும் மந்தமாக இருந்தால் டோர் பேடை, அதாவது கதவின் உட்புற மூடுபலகையை, கழற்ற வேண்டும். கைப்பிடிக் குழிகளில் மூடிக்குக் கீழே ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு இழுத்தால் கிளிப்போடு பேடும் உடையும். கனெக்டரைப் பிடுங்காமல், மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசிகளை வைத்து, கண்ணாடி ஏறும்போதே வோல்டேஜைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் சரி. 10, 11 என்று விழுந்தால் வழியில் எங்கோ இழப்பு இருக்கிறது. முதல் சந்தேகம் ஸ்விட்ச்: உள்ளே உலோகத் தொடர்புகள் கருகியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் உதவும், குழி விழுந்திருந்தால் மாற்றுவதே நல்லது. பல கார்களில் மற்ற கதவுகளின் கரண்டும் டிரைவர் பக்க ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. பின் கண்ணாடி மந்தமானால்கூட அந்த ஸ்விட்சை விட்டுவிடக் கூடாது. அடுத்தது கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாயில் போகும் ஒயர். கதவைத் திறந்து மூடியே உள்ளே இழை இழையாக அறுந்திருக்கும். டிரைவர் கதவில் இது அதிகம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உங்கள் தெருவில் கதவு நனையும் அளவு தண்ணீர் நின்றிருந்தால், மோட்டார் கனெக்டரைக் கட்டாயம் திறந்து பாருங்கள். அதன் உள்ளே உள்ள உலோக ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் மண்ணில் அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட்டால் ஐப்பசி அடைமழைக்குத் தண்ணீர் கதவுக்குள் தேங்காது.

வோல்டேஜ் சரியாக இருந்து, ரெகுலேட்டரிலிருந்து விடுவித்த கண்ணாடி கையால் இழுத்தால் லேசாக ஓடினால், அப்போது மோட்டாரையோ ரெகுலேட்டரையோ மாற்றலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கண்ணாடியை மேலே நிறுத்தி அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டிவிட்டுத்தான் போல்ட்டைத் தொட வேண்டும். கண்ணாடி சரிந்தால் விரல் நசுங்கும். வேலை முடிந்ததும், உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் விடாமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அதைக் கிழித்து எறிந்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே கால்மிதி வரை வரும். ஒரே தட்டில் தானாக ஏறும் கண்ணாடி என்றால், பேட்டரி இணைத்த பிறகு அதற்கு ரீசெட் தேவைப்படலாம். பல கார்களில் முழுவதும் இறக்கி, பிறகு முழுவதும் ஏற்றி, மேலே முட்டியதும் ஸ்விட்சைச் சில விநாடி விடாமல் பிடிக்க வேண்டும். உங்கள் காருக்கான முறை கையேட்டில் இருக்கும்.