முதலில் காது, அப்புறம் ஸ்பீட் பார்

ரெயூனியன் தீவின் செயின்ட் லூவில் பாராகிளைடிங் செய்தபோது மேகம் மேலே இழுத்தது, பிக் இயர்ஸ் (விதானத்தின் இரு நுனிகளையும் காது மாதிரி மடக்குவது) போட்டும் இறங்கவில்லை, ஸ்பைரல் (சுழன்றபடி வேகமாக இறங்குவது) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. ஸ்பைரலில் தலை சுற்றி நினைவு தப்பினால் அவ்வளவுதான். பயிற்சியாளர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். காதை மடக்கியதும் ஸ்பீட் பாரை (காலால் மிதித்து வேகம் கூட்டும் கம்பியை) மிதித்தீர்களா? மிதித்தால்தான் இறக்கமும் கூடும், முன்னே போகும் வேகமும் வரும். விடும்போது முதலில் பாரை விடுங்கள், அப்புறம் காதை. மலை மேல்தான் மேகம் கட்டும், அதனால் மேகத்தின் அடிப்பகுதி கறுக்கத் தொடங்கும்போதே கடல் பக்கம் திரும்பிவிடுங்கள்.

கடற்கரையில் விதானத்தை ஈர மணலோடு சுருட்டி வைத்தீர்களாமே! மணலை உதறி, நிழலில் உலர்த்தி, முன் விளிம்பின் பிளாஸ்டிக் குச்சிகள் வளையாமல், சேலைக் கொசுவம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தளர்வாக மடியுங்கள். உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு உலர்த்துங்கள்.