நார்வேயிலிருந்து அமெரிக்கா போன முன்னோரின் பண்ணையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொள்ளுத்தாத்தா பெயர் ஓலே ஹான்சென், நார்வேக்காரர், எந்தப் பண்ணை என்று தெரியவில்லை என்கிறீர்கள். அந்தப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஹான்சென் என்றால் ஹான்ஸின் மகன், அவ்வளவுதான். அவருடைய அப்பா ஹான்ஸ் பெடர்சென்னாக இருந்திருக்கலாம். 'ஓலே ஹான்சென் பக்கே' என்று எழுதியிருந்தால் பக்கேதான் பண்ணை. அதுவும் முகவரி மாதிரி. வேறு பண்ணைக்குக் குடிபோனால் மாறிவிடும். நிலையான குடும்பப்பெயர் சட்டப்படி கட்டாயமானது 1923இல்தான்.

முதலில் அமெரிக்காவில் அவர் போன லூத்தரன் சபையின் பதிவேட்டைப் பாருங்கள். பிறந்த ஊர் அதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் நார்வே தேசிய ஆவணக்காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளம், இலவசம். ஞானஸ்நானப் பதிவையும் 1865 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அங்கே தேடுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பண்ணை தெரிந்ததும் அந்த வட்டாரத்தின் 'பிக்டெபோக்' நூலைத் தேடிப் பிடியுங்கள். எந்தப் பண்ணையில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கும்.