மெயிலுக்குப் பக்கத்திலேயே காலண்டர்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: மெயில் படிக்கும்போது திரையின் ஓரத்தில் காலண்டரும் தெரிய வேண்டும். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. ஒரு நாளைக்கு நூறு மெயிலுக்குக் குறையாது. பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார், எந்தத் தேதி கேட்டார், அன்றைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று பார்க்க டேப் மாற்றி மாற்றியே பொழுது போகிறது. ஜிமெயில் ஓரத்திலேயே காலண்டர் வைக்கலாம் என்றார் நண்பர். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லையே?
— மெர்ச்சண்டைசர், திருப்பூர்

பதில்: கணினியில் ஜிமெயிலைத் திறந்து வலது ஓரத்தைப் பாருங்கள். காலண்டர், கீப், டாஸ்க்ஸ், கான்டாக்ட்ஸ் என்று சின்ன ஐகான்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும். உங்களுக்கு அந்த வரிசையே இல்லை என்றால் யாரோ எப்போதோ தெரியாமல் மூடியிருக்கிறார்கள். வலது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், கண்ணில் படவே படாது, அதைத் தட்டினால் வரிசை திரும்ப வந்துவிடும். காலண்டர் ஐகானைக் கிளிக் செய்தால் ஓரத்தில் ஒரு பேனல் திறந்து, அன்றைய நாள் மணிவாரியாக விரியும். ஒரு மெயிலிலிருந்து இன்னொரு மெயிலுக்குப் போனாலும் அது அப்படியே நிற்கும். 2018-ல் ஜிமெயிலின் தோற்றத்தை மாற்றியபோது வந்த வசதி இது.

ஆனால் திறந்து வைத்தால் மட்டும் போதாது. என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன்: தேதி உள்ள மெயிலை, அந்தத் தேதியைக் காலண்டரில் ஏற்றாமல் மூடுவதில்லை. அதற்காகத்தான் பக்கத்தில் காலண்டர். நட்சத்திரம் போட்டு வைக்கலாம், படிக்காத மெயிலாக மாற்றி வைக்கலாம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நூறு மெயில் வரும் இடத்தில் நடக்காது.

உங்கள் வேலையிலிருந்தே ஒரு உதாரணம். 24-ம் தேதிக்குள் சாம்பிள் ஹாம்பர்க் வந்து சேர வேண்டும் என்று பையர் எழுதுகிறார். பெரும்பாலானவர்கள் 24-ம் தேதியில் ‘சாம்பிள்’ என்று போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். 24-ம் தேதி காலையில் அது மணி அடித்து என்ன பயன், பார்சல் அப்போது ஜெர்மனியில் இருக்க வேண்டுமே? மெயில் திறந்திருக்கும்போதே பேனலின் மேலே உள்ள அம்புக்குறியால் நாளைத் தள்ளித் தள்ளிப் பின்னோக்கி வாருங்கள். கூரியர் 4 நாள் எடுக்கும் என்றால் 19-ம் தேதி காலை 11 மணிக் கட்டத்தில் கிளிக் செய்து ‘கூரியரில் கொடுக்க’ என்று எழுதுங்கள், 17-ம் தேதியில் ‘லேபிள், அளவு, அயர்ன், பேக்கிங் பார்க்க’ என்று இன்னொன்று, அப்புறம் 24-ல் நேரம் இல்லாத முழுநாள் குறிப்பாக ‘சாம்பிள் சேர வேண்டிய நாள்’. மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகாது. 19-ம் தேதியைத் திறக்கும்போதே அன்று வேறு ஷிப்மென்ட் இருப்பது கண்ணில் பட்டால், முடியாது என்பதை அந்த மெயிலுக்கான பதிலிலேயே சொல்லிவிடலாம், கடைசி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மெயிலுக்கு மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் ‘கிரியேட் ஈவென்ட்’ என்று இருக்கும், அது மெயிலின் தலைப்பையே எடுத்துக்கொண்டு காலண்டரைத் திறக்கும். இதில் கவனம் வேண்டும். அந்த மெயிலில் இருக்கும் ஆட்களையும் விருந்தினர்களாகச் சேர்த்துவிடும். ‘லேபிள் தப்பாக இருக்கிறதா பார்க்க’ என்று உங்களுக்காக எழுதிய குறிப்பு பையருக்கு அழைப்பாகப் போய்விடக் கூடாது. சேமிக்கும் முன் பெயர்களை நீக்கிவிடுங்கள், அழைப்பு அனுப்பவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நேர வித்தியாசமும் உங்களைப் படுத்தும் என்று தெரியும். ஜெர்மனியில் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அமெரிக்கர்கள் மார்ச் 2-வது ஞாயிறே மாற்றிவிடுவார்கள், திரும்ப மாற்றுவது நவம்பர் முதல் ஞாயிறு. இரண்டு நாட்டுப் பையர்களும் இருந்தால் மார்ச் மாதம் தலை சுற்றும். வாராவாரம் வரும் போன் காலை இந்திய நேரத்தில் போடாமல், முழுக் காலண்டரில் திறந்து நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள டைம் ஸோனில் பையரின் ஊரைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். அவர்கள் கடிகாரம் மாறும் வாரத்தில் உங்கள் பேனலில் அது தானாகவே இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். 05/06 என்று யாராவது எழுதினால் ஐந்தாம் மாதமா ஆறாம் மாதமா என்று ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள், அமெரிக்காவில் மாதம்தான் முதலில்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் அவுட்லுக். முன்பு வலது பக்கம் மாதக் காலண்டர் எப்போதும் தெரியும். புதிய அவுட்லுக்குக்கு மாறியதும் அதைக் காணோம். திரும்பக் கொண்டுவர முடியுமா?
— அலுவலக உதவியாளர், சேலம்

பதில்: நீங்கள் சொல்வது ‘டூ-டூ பார்’. அவுட்லுக் 2007-ல் வந்தது. பழைய அவுட்லுக்கில் ‘வியூ’ மெனுவில் டூ-டூ பார், அதற்குள் காலண்டர் என்று தேர்ந்தெடுத்தால் மேலே மாதக் கட்டமும் கீழே அடுத்து வரும் வேலைகளும் நிற்கும், வேலை உள்ள தேதிகள் தடித்த எழுத்தில் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு அது. ஒரு பார்வையில் மாதம் முழுக்கத் தெரிவது போல வேறு எதிலும் வராது.

புதிய அவுட்லுக்கில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக வலது மேல் மூலையில் ‘மை டே’ என்று ஒரு ஐகான், காலண்டர் மேல் டிக் போட்டது போல இருக்கும். அதைத் திறந்தால் காலண்டர், டூ-டூ என்று இரண்டு பகுதிகள் வரும். மெயிலை மவுஸால் இழுத்து அதில் போட்டால் அது வேலையாகவோ நிகழ்வாகவோ மாறும். பழையதே வேண்டும் என்றால், உங்கள் ஆபீஸ் கணினியில் இன்னும் அனுமதி இருக்கும்பட்சத்தில், மேலே உள்ள ‘நியூ அவுட்லுக்’ ஸ்விட்சை அணைத்துத் திரும்பிவிடலாம்.

எதில் இருந்தாலும் மாதந்தோறும் வரும் தேதிகளை ஒரே தடவை போட்டு ‘ரிபீட்’ கொடுத்துவிடுங்கள். 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத ஜிஎஸ்டி கணக்கு). காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்பவர்களுக்கும் மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கும் தேதி வேறு, அவற்றைத் தனியாகப் போடுங்கள். பில் இன்னும் அனுப்பாத வாடிக்கையாளரின் மெயிலைப் படிக்கும்போது பக்கத்தில் 11 என்று நிற்பதைப் பார்த்தாலே போனை எடுத்துவிடுவீர்கள்.

கேள்வி: பேனலைத் திறந்தால் மெயில் படிக்க இடமே இல்லை. லேப்டாப் சின்னது.
— ஆசிரியை, கரூர்

பதில்: ஜிமெயிலில் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தட்டினால் இன்பாக்ஸ், சென்ட் என்ற பட்டியல் சுருங்கிவிடும், அந்த இடம் மெயிலுக்கு வந்துவிடும். மெயில் பட்டியலுக்குப் பக்கத்திலேயே மெயிலைக் காட்டும் ரீடிங் பேனை வலது பக்கம் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஒரே அகலத்தில் மூன்று பத்திகள் நிற்காது. அப்படியும் போதவில்லை என்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸைத் தட்டி 90 சதவீதமாக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம், கண் வலிக்கும்.

கேள்வி: நான் தண்டர்பேர்டில் மெயில் பார்க்கிறேன். வாய்தா தேதிகளை டைரியில் எழுதுவதுதான் வழக்கம். மெயிலில் வரும் தேதிகளை மட்டும் திரையில் வைத்துக்கொள்ள வழி உண்டா?
— வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: உண்டு. எஃப் 11 பட்டனை அழுத்துங்கள், வலது பக்கம் ‘டுடே பேன்’ திறக்கும். இன்றைய, நாளைய, அடுத்து வரும் வேலைகள் அதில் இருக்கும். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். முன்பெல்லாம் தண்டர்பேர்டுக்குக் காலண்டர் வேண்டுமென்றால் லைட்னிங் என்ற தனி இணைப்பைப் போட வேண்டியிருந்தது, 2020-ல் வந்த 78-வது பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. மெயிலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘கன்வர்ட் டூ’, பிறகு ‘ஈவென்ட்’ என்று கொடுத்தால் மெயிலில் உள்ள வாசகமும் குறிப்புக்குள் வந்துவிடும். எந்த வழக்கு, என்ன கட்டம் என்று திரும்பத் தேட வேண்டியிருக்காது.

டைரியை விட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் அடுத்த வாய்தா சொல்லும்போது கையில் இருப்பது அதுதான். மாலையில் ஆபீஸுக்கு வந்ததும் டைரியைப் பார்த்து டுடே பேனில் ஏற்றும் வேலையை ஜூனியரிடம் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பும் சேர்ந்தே நடந்துவிடும்.

கேள்வி: ஆபீஸ் மெயில் ஒன்று, வீட்டு மெயில் ஒன்று. ஆபீஸ் மெயிலைத் திறந்தால் ஆபீஸ் காலண்டர்தான் பக்கத்தில் வருகிறது. குழந்தையின் பள்ளித் தேதிகள் எல்லாம் வீட்டுக் கணக்கில். ஒன்றாகப் பார்க்க முடியுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் ஜிமெயில் என்றால், வீட்டுக் கணக்கின் கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் ‘ஷேர் வித் ஸ்பெசிஃபிக் பீப்பிள்’ என்ற இடத்தில் உங்கள் ஆபீஸ் முகவரியைச் சேர்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் தெரியும், நிர்வாகி தடுத்து வைக்காத வரையில். முழு விவரமும் காட்டலாம், அல்லது அந்த நேரத்தில் நீங்கள் ஓய்வா இல்லையா என்பதை மட்டும் காட்டலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். மதியம் 3 மணிக்கு ‘பிஸி’ என்று தெரிந்தாலே உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும், பள்ளிக்கூடமா டாக்டரா என்று ஆபீஸ் கணக்கில் எழுத்தாகக் கிடக்க வேண்டிய அவசியமில்லை. மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது அந்தப் பேனலும் சேர்ந்து எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகிரும் முன் மூடிவிடுங்கள்.

கேள்வி: யாரென்றே தெரியாதவர்கள் அனுப்பும் பரிசு, லோன் அழைப்புகள் என் காலண்டரில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.
— கடைக்காரர், விழுப்புரம்

பதில்: கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் அழைப்புகளை எப்போது சேர்ப்பது என்று ஒரு கேள்வி இருக்கும். எல்லோரிடமிருந்தும் என்று இருப்பதை, தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் என்று மாற்றுங்கள். வந்திருக்கும் அழைப்பில் உள்ள லிங்க்கைத் தொடவே வேண்டாம், ‘நோ’ என்றும் பதில் கொடுக்க வேண்டாம், உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் என்று புகார் செய்துவிட்டு நீக்கிவிடுங்கள்.

கேள்வி: சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. தினமும் காலையில் நானே தாள் கிழிக்கிறேன். மகன் மெயில் பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்கிறான், போதாக்குறைக்கு அதில் காலண்டர் வேறு எதற்கு?
— ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், மன்னார்குடி

பதில்: ஐயா, சுவரில் இருப்பதை எடுத்துவிடாதீர்கள். ராகு காலமும் அமாவாசையும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பார்வையில் தெரிவது அதில்தான். ஆனால் வந்த கடிதத்தில் இருக்கும் தேதி தானாக நடந்துபோய்ச் சுவரில் ஏறாது. என் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்த சமயம். மறுபரிசோதனை வியாழன் 9.30 மணிக்கு என்று மருத்துவமனையிலிருந்து மெயில் வந்தது. படித்தேன், நட்சத்திரமும் போட்டேன். அதற்கு மேல் முப்பது மெயில்கள் வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை மாலை அம்மா, “நேத்தே போகணும்னு சொன்னாங்களே, உனக்கு வேலையா இருக்கும்னு கேக்கல” என்றார். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் கேட்காமல் இருந்தார் என்பது இன்னும் மனதில் இருக்கிறது. அன்று பக்கத்தில் காலண்டர் திறந்திருந்தால் பத்து விநாடி வேலை அது.

உங்களுக்கு ஒரே ஒரு தேதியை மட்டும் போட்டுப் பழகச் சொல்கிறேன். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறீர்கள், வாழ்வுச் சான்றிதழ் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயதைக் கடந்துவிட்டால் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மெயிலுக்குப் பக்கத்தில் காலண்டரைத் திறந்து, அதன் மேலே இருக்கும் தனி டேப் ஐகானைத் தட்டி முழுக் காலண்டருக்குப் போங்கள். நவம்பர் 1-ல் ‘வாழ்வுச் சான்றிதழ்’ என்று தமிழிலேயே எழுதி, ஆண்டுதோறும் என்று ‘ரிபீட்’ கொடுத்துச் சேமியுங்கள். அடுத்த நவம்பர் முதல் நாள், தாளைக் கிழித்துவிட்டு வந்து மெயிலைத் திறக்கும்போது அது பக்கத்தில் நிற்கும்.