பார்த்தால் விளங்குது, எழுத வருகுதில்லை

அன்புள்ள அண்ணா,

நான் விசுவமடு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் ஒரு பாடமாக எடுத்தேன். வெட்டுப்புள்ளி கொஞ்சம் கூடப் போனதால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. 8 மாதமாக வீட்டில் இருந்து ஃபோனில் பைதன் என்ற கணினிமொழி வீடியோக்கள் பார்க்கிறேன். ஒருவர் தன் திரையைப் பதிவு செய்துகொண்டு, பேசிப் பேசிக் கோட் எழுதிக் காட்டுவாரே, அந்த மாதிரி. இரவு டேட்டாதான் மலிவு என்பதால் 12 மணிக்குப் பிறகு விழித்திருந்து பார்ப்பேன். எல்லாம் விளங்குகிறது. சில இடங்களில் அடுத்த வரி என்ன என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

ஆனால் தம்பியின் லப்டொப்பில் நானாக எழுத இருந்தால் ஒன்றும் வருவதில்லை. ‘10 மாணவரின் புள்ளிகளில் கூடியது எது’ என்று கண்டுபிடிக்கும் சின்ன வேலைதான். முக்கால் மணித்தியாலம் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு மூடிவைத்தேன். பிறகு அடுத்த வீடியோவைப் போட்டேன்.

சனிக்கிழமைகளில் நீங்கள் கூட்டாகக் கோடிங் பழகுவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு கணினிக்கு 7 பேர் இருந்து என்ன செய்வது? ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்தால் அதுவும் வீடியோ பார்ப்பது மாதிரித்தானே? கொழும்புக்குப் போய் ஒரு கோர்ஸ் செய் என்று மாமா சொல்கிறார். எனக்கு மண்டை காணாதோ என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

மண்டைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அடுத்த வரி என்ன என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு மண்டை காணும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நானும் ஒரு வீடியோ செய்தேன். ஒரு கோப்பில் இருக்கும் நெல் விற்ற கணக்கை வாசித்துக் கூட்டுவது. பதிவு 50 நிமிடம் ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் 120 உம் 85 உம் கூட்டி 205 வரவேண்டியதற்கு 12085 என்று வந்து நின்றது. கோப்பில் இருந்து வருவதெல்லாம் எழுத்தாகத்தான் வரும், எண்ணாக மாற்றித்தான் கூட்டவேண்டும் என்பது எனக்குப் 15 வருடமாகத் தெரியும். அன்றைக்கு 18 நிமிடம் அது கண்ணில் படவில்லை. வேறெங்கெல்லாமோ தோண்டினேன், ஒரு தரம் எழும்பிப் போய்த் தண்ணீரும் குடித்தேன். கடைசியில் வெளியிட்ட வீடியோ 11 நிமிடம். ‘எவ்வளவு சுகமாக எழுதுறீங்கள் அண்ணை’ என்று ஒரு தம்பி கீழே எழுதியிருந்தான். அவனுக்குத் தேவைப்பட்ட பாடம் நான் வெட்டி எறிந்த அந்த 18 நிமிடத்தில்தான் கிடந்தது.

நீங்கள் 8 மாதமாகப் பார்ப்பது இப்படி வெட்டித் துடைத்த வேலையை. தெரிந்தவர் எழுதுவதைத்தான் பார்க்கிறீர்கள். தெரியாமல் ஒருவர் நின்று முழிப்பதையும், அதிலிருந்து எப்படி வெளியே வருகிறார் என்பதையும் நீங்கள் இன்னும் காணவே இல்லை. அதனால் வெறுந்திரைக்கு முன்னால் முழிக்கும்போது, உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று படுகிறது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டாஸும் எட் ஓ’பிரையனும் 2018 இல் இதைப் பரிசோதித்து எழுதினார்கள். கோப்பையும் தட்டும் அசையாமல் மேசைவிரிப்பை உருவி எடுக்கும் வித்தையைச் சிலருக்கு ஒரு தரமும் சிலருக்கு 20 தரமும் காட்டினார்கள். 20 தரம் பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை ஏறிவிட்டது. அம்பு எறியும் விளையாட்டிலும் இப்படிப் பார்க்கவிட்டுப் பிறகு எறியச் சொன்னால், கூடியது நம்பிக்கை மட்டும்தான், குறி கூடவில்லை. இதற்குச் சிக்காகோ வரை போகத் தேவையில்லை என்று முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்துப் பார்த்துப் பாட்டு முழுக்கப் பாடமானவர்கள் அங்கே எத்தனையோ பேர். களரியில் ஏற்றிவிட்டால் முதல் வரவுக்கே கால் பின்னும். அண்ணாவியார் மாதக்கணக்காகப் போட்டுப் பழக்குவது சும்மாவா?

அதற்காக வீடியோவை விடச் சொல்லவில்லை. பார்க்கிற விதத்தை மாற்றுங்கள். பம்பாய் ஐஐடியின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ பாடங்கள் உங்களுக்குப் பொருந்தும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். திரை ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சைத் தமிழிலும் தருகிறார்கள், பேசுவதை எழுத்தாகவும் வைத்திருக்கிறார்கள். பாதித் திரையில் பாடம், பாதித் திரையில் உங்கள் வேலை, நிறுத்தி நிறுத்திச் செய் என்பதுதான் அவர்களுடைய முறை. நான் இன்னும் ஒரு படி கூட்டுவேன். அவர் எழுதிய பிறகு நிறுத்தாமல், எழுதப் போகும்போது நிறுத்துங்கள். நீங்கள் முதலில் எழுதுங்கள், பிழையாகவே எழுதுங்கள், அதன் பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். 10 நிமிட வீடியோ ஒரு மணித்தியாலம் இழுக்கும். டேட்டாவும் மிச்சம், நித்திரையும் மிச்சம். லப்டொப்பைத் தம்பி எடுத்துப் போய்விட்டால் ‘பைட்ராய்ட் 3’ என்ற செயலியை ஃபோனில் இறக்கி வையுங்கள், இன்ரநெற் இல்லாமலும் பைதன் ஓடும்.

அந்தப் 10 மாணவர் கணக்குக்கு இப்போதைக்குக் கணினியே வேண்டாம். 10 கடதாசித் துண்டில் புள்ளிகளை எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஒரு நேரத்தில் கையில் ஒரு துண்டைத்தான் வைத்திருக்கலாம் என்று ஒரு சட்டம் போடுங்கள். எதைக் கையில் வைத்திருப்பீர்கள், எப்போது மாற்றுவீர்கள்? அதை வாயால் சொல்லிவிட்டீர்கள் என்றால் கோட் வெறும் 4 வரி. வெறுந்திரை கேட்பது இந்தக் கேள்வியை. வீடியோவில் அதை அவர் உங்களுக்காக முதலே யோசித்து வைத்திருந்தார்.

இனிச் சனிக்கிழமை. சிறிய கணக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து கையைப் பழக்குவதற்குக் கராத்தேயில் இருந்து ‘கட்டா’ என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் டேவ் தாமஸ் என்ற நிரலாளர். 2000களின் நடுவில் பாரிஸில் லோரன் பொசாவியும் இமானுவல் கையோவும் அதைக் கூட்டமாகச் செய்யத் தொடங்கினார்கள். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் செய்கிறோம். ஒரு லப்டொப், அதை வயரால் கொளுவிய ஒரு டிவி, ஒரு வாங்கு, 4 கதிரை. வருகிறவர்களில் உயர்தரம் படிக்கும் பெடியன் ஒருவன், முன்பள்ளி ரீச்சர் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவர், அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் பிள்ளை ஒருவர். பேப்பர் பார்க்க வந்து அப்படியே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரும் இருக்கிறார். அவருக்குக் கோடிங் ஒரு துளியும் தெரியாது.

ஒருவர் கீபோர்டில், பக்கத்தில் ஒருவர். 6 நிமிடத்துக்கு ஃபோனில் அலாரம். அலாரம் அடித்தால் கீபோர்டில் இருந்தவர் வாங்குக்கு, பக்கத்தில் இருந்தவர் கீபோர்டுக்கு, வாங்கில் இருந்து ஒருவர் பக்கத்துக்கு. முதலில் என்ன விடை வரவேண்டும் என்று ஒரு சோதனை எழுதுவோம். அது தோற்றால் சிவப்பு, தேறினால் பச்சை. சிவப்பில் நிற்கும்வரை, கேட்டாலொழிய வாங்கில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

போன மாதம் எடுத்த கணக்கு, ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுவது. முதல் சோதனை: ‘தமிழ்’ என்றால் 3. பெடியன் நீளத்தைச் சொல்லும் பைதனின் ‘லென்’ கட்டளையைப் போட்டான். 5 என்று வந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. முன்பள்ளி ரீச்சர் பக்கத்தில் இருந்தார். ‘ஒவ்வொன்றா வரிக்கு வரி போட்டுக் காட்டும் பாப்பம்’ என்றார். த, ம, வட்டப்புள்ளிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும் இகரக் குறி, ழ, தனியாக ஒரு குற்று. ‘இவங்கள் தலைகீழா வைச்சிருக்கிறாங்கள்’ என்றார் வாத்தியார், சிவப்பு நேரம் என்பதையும் மறந்து. ‘எங்களுக்கு ழ் உம் அ உம் சேர்ந்தால் ழ. இவங்கள் ழ வில இருந்து அகரத்தைக் கழிச்செல்லோ ழ் செய்யிறாங்கள்.’ கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோட் தமிழை வைத்திருக்கும் விதத்தை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அலாரம். யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. இகரக் குறி இருக்கும் ‘எம்சி’ வகையை எண்ணாமல் விட்டால் சரி என்று எழுதினார்கள். 4 வந்தது. மறுபடி அலாரம், இப்போது கீபோர்டில் வங்கித் தம்பி. அவருக்கு அந்த வரி விளங்கவில்லை, ‘இது என்ன செய்யுது?’ என்று வாங்கைப் பார்த்துக் கேட்டார். பெடியன் விளக்கத் தொடங்கி, பாதியில் நின்று, ‘ஓ, குற்று எம்சி இல்லை’ என்றான். உண்மைதான், குற்று ‘எம்என்’. ஈகாரக் குறியும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. ‘எம்’ இல் தொடங்கும் எந்த வகையையும் எண்ணாதே என்று மாற்ற, பச்சை. பொறியியல் பிள்ளைக்கு இது முதலே தெரிந்திருக்கிறது. 12 நிமிடமாக உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறா.

எங்கள் ஊர்ப் பெயரே இன்னொரு கூத்துக் காட்டியது. ‘கிளிநொச்சி’ 5 எழுத்து. ‘லென்’ 10 என்றது. ஒரு பழைய கோப்பில் இருந்து வெட்டி ஒட்டிய ‘கிளிநொச்சி’க்கு 11 என்றது. ஒகரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் அரவுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு சொல். தன் வங்கியில் சில விலாசங்கள் தேடினால் ஏன் அகப்படுவதில்லை என்று தம்பிக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம் பிறந்தது.

இது வீடியோ பார்ப்பது மாதிரித்தானே என்று கேட்டீர்கள். அடுத்த அலாரத்துக்கு நான் போகவேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்க்கிற பார்வை வேறு, தங்கச்சி. வங்கித் தம்பி கேட்ட கேள்வியை வீடியோவிடம் கேட்க முடியாது. கேட்டிருக்காவிட்டால் பெடியனும் தன் பிழையைக் கண்டிருக்கமாட்டான்.

நேரம் முடிய எழுதியதை எல்லாம் அழிப்போம். 2009 இல் கோரி ஹேன்ஸ் முதலானோர் தொடக்கிய ‘கோட் ரிட்ரீட்’ இல் 45 நிமிடத்துக்கு ஒரு தரம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள், அங்கிருந்து எடுத்த பழக்கம். முதல் நாள் ரீச்சருக்கு அழுகை வராத குறை. இப்போது அவரே முந்திக்கொண்டு அழிக்கிறார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைக்கவேண்டாம். முதல் 4 கிழமையும் நான் எழும்பி நின்று விளக்கினேன். அது உங்கள் வீடியோதான், நிறுத்தும் பொத்தான்கூட இல்லாத வீடியோ. ஐந்தாம் கிழமை 2 பேர் வந்தார்கள். பிறகு கெட்டிக்காரன் ஒருவன் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்கு லூயெலின் ஃபால்கோ என்பவரின் சட்டத்தைக் கொண்டுவந்தோம்: உன் தலையில் இருக்கும் யோசனை கணினிக்குள் போவதென்றால் இன்னொருவரின் கையால்தான் போகவேண்டும். அவன் சொல்லவேண்டும், மற்றவர் அடிக்கவேண்டும். இரண்டு கிழமை கோபித்துக்கொண்டு வரவில்லை. இப்போது வருகிறான்.

பிழை விட்டால் பகிடி பண்ணும் பழக்கம் எங்கள் வகுப்பறைகளில் இருந்து கூடவே வருகிறது. அதை நான் இன்னும் முழுதாக நிறுத்தவில்லை. பெண் பிள்ளைகள் வாங்கின் தொங்கலில் போய் இருப்பதையும் காண்கிறேன். அலாரம் ஆள் பார்த்து அடிப்பதில்லை என்பதால் அவர்களுக்கும் முறை வருகிறது.

மாமாவின் யோசனை பிழை என்று சொல்லமாட்டேன். கோர்ஸில் சான்றிதழ் உண்டு, எங்களிடம் அது கிடையாது. காசு கட்ட முதல் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: வகுப்பு நேரத்தில் கீபோர்டில் யாருடைய கை இருக்கும்? ஆசிரியருடையது என்றால், கொழும்பு வாடகையும் கொடுத்து அதே வீடியோவைப் பார்க்கப் போகிறீர்கள்.

உங்களோடு படித்தவர்கள் இருவர் விசுவமடுவிலோ தருமபுரத்திலோ இருந்தால் அங்கேயே தொடங்கலாம், 3 பேர் போதும். கரண்ட் இல்லாவிட்டாலும் நடக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது நாங்கள் கொப்பியில் எழுதி, ஒருவர் கணினியாக இருந்து வரி வரியாக ஓடிக் காட்டினோம். எங்களிடம் வருவதென்றால் சனி காலை 9.30. பரந்தனில் இறங்கி மாறவேண்டும். 12.30 க்கு முடித்துவிடுவோம், முல்லைத்தீவு வீதியால் போகிறவர்கள் பகலோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஒன்று மட்டும் இன்னும் சிவப்பில் நிற்கிறது. ‘லக்ஷ்மி’. எங்கள் கோட் 4 என்கிறது. க்ஷ் ஒரே எழுத்து, ஆகவே 3 என்கிறார் ரீச்சர். வாத்தியாரைக் கேட்டால், ‘இலக்குமி எண்டு எழுதும், 5 தான்’ என்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு சோதனையாக எழுதிக்கொண்டு வாருங்கள்.