காம்பு வெடித்து ரத்தம் வருகிறது, பால் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு முதல் பிரசவம், சிசேரியன். குழந்தைக்கு 12 நாள் ஆகிறது. இடது பக்கக் காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது, குழந்தை வாய் வைத்தாலே உயிர் போகிறது. நேற்று கக்கிய பாலில் ரத்தக் கோடு தெரிந்தது. தேங்காய் எண்ணெய், மஞ்சள் எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. இரண்டு நாள் புட்டிப்பால் கொடுத்துவிட்டுக் காம்பை ஆறவிடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ரத்தம். காம்பு இப்படி வெடித்திருக்கும்போது குழந்தை கக்குவதில் ரத்தக் கோடு வந்தால் அது பெரும்பாலும் உங்களுடையதுதான், வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் செய்யாது, மலம் கொஞ்சம் கறுப்பாகப் போகலாம், அவ்வளவுதான். காம்பு ஆறிய பிறகும் வந்தாலோ நிறைய வந்தாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கு எச்ஐவியோ ஹெபடைடிஸ் சி-யோ இருந்தால் மட்டும் கணக்கு வேறு, உங்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, களிம்பு தேடி அலைவதை நிறுத்துங்கள். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை வாய் வைக்கிற விதம்தான், அதைச் சரிசெய்யாமல் எதைத் தடவினாலும் அடுத்த தடவை பால் குடிக்கும்போது மறுபடி கிழியும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டு இருந்தால் சரி. ஒரு பக்கம் சாய்வாக நசுங்கி, பேனா நிப் மாதிரி, நுனி வெளுத்து இருந்தால் குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டு குடிக்கிறது என்று அர்த்தம். காம்பின் நுனி குழந்தையின் மேலண்ணத்தில் பின்னாலிருக்கும் மெத்தென்ற இடம் வரை போக வேண்டும். அதுவரை போகாவிட்டால் நாக்குக்கும் முன்பக்கத்துக் கெட்டியான அண்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் நசுங்கும்.

சிசேரியன் என்பதால் தையல் வலிக்குப் பயந்து நீங்கள் குனிந்து கொடுக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள், அல்லது குழந்தையின் உடம்பை உங்கள் அக்குள் பக்கம் இடுக்கி, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரிப் பிடியுங்கள். குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும். காம்பால் மேல் உதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள், கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும்வரை அவசரப்பட வேண்டாம், திறந்ததும் சட்டென்று குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். தாடை முதலில் படிய வேண்டும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றிய கருவளையத்தில் கீழ்ப்பாதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் முதல் அரை நிமிடம் சுரீரென்று இழுப்பது சகஜம். அதற்கு மேலும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள், வாயோரத்தில் உங்கள் சுண்டுவிரலை விட்டுப் பிடியை விடுவித்துவிட்டு மறுபடி வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் கிழியும்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. காம்புக்கு ஓய்வு கொடுக்கலாம், புட்டி வேண்டாம், ஏற்கெனவே சரியாகக் கவ்வாத குழந்தைக்கு அது இன்னும் குழப்பம். வலி குறைந்த வலது பக்கத்தில் ஆரம்பியுங்கள். இடது பக்கம் தாங்கவே முடியவில்லை என்றால் ஒருநாள் மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கையால் பீய்ச்சி, சுத்தம் செய்த சங்கிலோ பாலாடையிலோ புகட்டுங்கள். பீய்ச்சாமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும், அது இதைவிடப் பெரிய அவஸ்தை.

புண்ணுக்கு: கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டு தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலரவிடுங்கள். சுத்திகரித்த லனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்புக் களிம்பு) மருந்துக்கடையில் கிடைக்கும், மெல்லிசாகப் பூசினால் போதும், அடுத்த தடவை துடைக்கவும் வேண்டாம். சோப்பு, டெட்டால் எதுவும் அங்கே படக் கூடாது. மஞ்சளை விட்டுவிடுங்கள், கடைப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும், நேராகக் குழந்தை வாய்க்குப் போகிற சமாச்சாரம் அது. பால் கசிவுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் பேட் ஈரமானால் உடனே மாற்றுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் பயமில்லாமல் போடலாம், ஆனால் ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரையிலேயே அது இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துவிட்டு.

குளிர் ஜுரம் வந்து மார்பில் ஓரிடம் சிவந்து கல்லாகக் கெட்டிப்பட்டால், சீழ் தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். குழந்தை வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலமும், பால் கொடுத்து முடித்த பிறகும் உங்களுக்கு எரிச்சலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், இருவருக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். அழும்போது குழந்தையின் நாக்கு மேலே எழும்பாமல் அடியில் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், அதனாலும் சரியாகக் கவ்வ முடியாமல் போகலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

பிடிப்பு சரியானால் இரண்டு மூன்று நாளிலேயே வலி குறைவது தெரியும். தெரியாவிட்டால் பிரசவம் பார்த்த இடத்துக்கே குழந்தையோடு போங்கள். புண்ணை மட்டும் பார்த்துக் களிம்பு எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடாதீர்கள், "நான் பால் கொடுக்கிறதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள்.