வீட்டுத் தோட்டம் – கேள்வி பதில்: பூண்டும் வெங்காயமும்

மதுரை வாசகி: மளிகைக் கடையில் வாங்கிய பூண்டின் பற்களைப் புரட்டாசியில் மாடித் தோட்டத்துப் பைகளில் ஊன்றினேன். தாள்கள் செழிப்பாக வந்தன. தை மாதக் கடைசியில் பிடுங்கிப் பார்த்தால், ஒவ்வொரு செடியிலும் பல் பிரியாத ஒரே ஓர் உருண்டைதான் இருக்கிறது. மண்ணில் எந்தச் சத்து குறைவு?

பதில்: தாள்கள் செழிப்பாக வந்திருக்கின்றன என்றால் உங்கள் மண்ணைக் குறை சொல்ல இடமில்லை. பூண்டு பற்களாகப் பிரிவதற்கு முதல் தேவை குளிர். ஊன்றும் பல்லோ இளஞ்செடியோ சில வாரங்களுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரை அனுபவித்தால்தான் அதன் உள்ளே பக்க மொட்டுகள் உருவாகும். பின்னர் பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது அந்த மொட்டுகளே பற்களாகத் திரளும். மதுரையின் மார்கழி இரவுகள்கூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே செடி தன்னிடமுள்ள உணவையெல்லாம் ஒரே உருண்டையில் சேர்த்து வைத்துவிட்டு அடங்கிவிடுகிறது.

மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் வட்டாரங்களில் ஐப்பசி, கார்த்திகையில் பூண்டை ஊன்றி, அங்குள்ள குளிர்காலம் முழுவதையும் கடக்கவிட்டு, வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில் எடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில், 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் விளைகிறது. இந்த இரு இடங்களிலும் இயற்கை தருகின்ற குளிரைச் சமவெளியில் நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். முழுப் பூண்டைப் பல் பிரிக்காமல் காகிதப் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஐந்தாறு வாரங்கள் வைத்திருந்து, கார்த்திகையில் எடுத்துப் பிரித்து உடனே ஊன்றிப் பாருங்கள். உறைநிலைப் பகுதியில் வைத்தால் பற்கள் செத்துவிடும். இவ்வளவு செய்தாலும் மலைப்பூண்டின் திரட்சி மாடியில் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். சில செடிகளில் நான்கைந்து சிறு பற்கள் பிரிந்தாலே அதை நல்ல விளைச்சலாகக் கொள்ளலாம்.

என் பரிந்துரை, சமவெளியில் பூண்டை முதலில் கீரையாகக் கருதி வளர்ப்பது. நெருக்கமாக ஊன்றி, தாள் ஒரு சாண் உயரம் வந்ததும் நறுக்கி எடுத்தால், ரசத்துக்கும் துவையலுக்கும் மணமான தாள் கிடைக்கும். இப்போது கிடைத்திருக்கும் உருண்டைகளை வீணென்று எறிய வேண்டாம். அவற்றைச் சமைக்கலாம், மலைப்பகுதியில் உறவினர் இருந்தால் கொடுத்து ஊன்றச் செய்யலாம், குளிர் கிடைத்ததும் அந்த உருண்டையிலிருந்தே பல் பிரிந்த பூண்டு வரும்.

சேலம் வாசகர்: இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுப் பெரிய வெங்காய விதை நன்றாக முளைத்தது. ஐந்து மாதம் ஆகியும் தாள் மட்டுமே வளர்கிறது, காய் பிடிக்கவில்லை. உரம் கூட்டலாமா?

பதில்: உரத்தைக் கூட்டாதீர்கள். பெரிய வெங்காயம் காய் கட்டும் நேரத்தைப் பகற்பொழுதின் நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வட பகுதிகளிலும் பயிராகும் இரகங்கள் பகல் 14 மணி நேரத்தைத் தொட்ட பிறகே காய் கட்டத் தொடங்கும். தமிழ்நாட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. எனவே அந்தச் செடி எத்தனை மாதம் இருந்தாலும் இங்கே தனக்குரிய காலத்தைக் காணப்போவதில்லை. நீண்ட பகலுக்குக் காத்திராமல் காய் கட்டும் நம் நாட்டின் குறும்பகல் இரகங்களான பெல்லாரி சிவப்பு, என் 53, அக்ரிபவுண்ட் டார்க் ரெட் ஆகியவற்றின் விதையை நாற்று விட்டு, ஆறு, ஏழு வாரத்தில் பிடுங்கி நடுங்கள். இப்போதுள்ள தாளை அறுத்துப் பொரியலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

திருச்சி வாசகி: சின்ன வெங்காயம் தொட்டியில் நன்றாகவே விளைகிறது. ஆனால் எடுத்துவைத்த இரண்டே வாரத்தில் பாதி அழுகிவிடுகிறது. எப்போது, எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: பலரும் நடவைப் பற்றியே கேட்கும்போது அறுவடைக்குப் பிந்திய நாட்களைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. சின்ன வெங்காயம் இரகத்தைப் பொறுத்து 65 முதல் 90 நாட்களில் முற்றும். ஆனால் நாட்கணக்கைவிடச் செடி காட்டும் அடையாளமே நம்பத்தக்கது. காய்க்கு மேலே உள்ள கழுத்து தளர்ந்து, தாள் தானாகச் சாய்ந்து, பாதிக்கு மேல் மஞ்சளாகும்போது காய் முற்றியிருக்கும். தாள் நிமிர்ந்து பச்சையாக இருக்கும்போதே பிடுங்கினாலும், அவசரப்பட்டு அதைக் கையால் மடித்துவிட்டாலும், கழுத்து மூடாமல் ஈரமாகவே இருந்துவிடும். அழுகல் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. நடவுக்குப் பின் மூன்றாம் நாள் செடி உயிர்பிடிக்க விடும் உயிர்த்தண்ணீர், அதன் பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மண் காய்ந்ததும் நீர் என்று போய்க்கொண்டிருக்கும் பாசனத்தை, எடுப்பதற்குப் பத்து நாள் முன்னதாகவே முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தையும் பயிரின் முதல் பாதியோடு முடித்துக்கொள்ளுங்கள். பிந்திக் கொடுத்தால் கழுத்து தடித்துக் காய் தங்காது.

எடுத்த வெங்காயத்தைக் கழுவக் கூடாது. மண்ணை உதறிவிட்டு, தாளோடு நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். நம் உழவர்கள் வயலில் உலர்த்தும்போது ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி அடுக்குவது, வெயில் நேரே பட்டுக் காய் வெந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கழுத்து சுருங்கி, மேல்தோல் சலசலக்கும் அளவுக்கு உலர்ந்த பிறகே, காய்க்கு மேலே 2 சென்டிமீட்டர் விட்டுத் தாளை அறுக்க வேண்டும். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்தில் வெங்காயத்தை இருப்பு வைக்கும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும்: தரையில் படாத அடித்தளம், காற்று புகும் பக்கங்கள், மழைக்குக் கூரை. வீட்டில் வலைப்பையில் கட்டி நிழலில் தொங்கவிட்டாலே இந்த மூன்றும் அமைந்துவிடும். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். அதன் ஈரம் வெங்காயத்தை முளைக்க வைக்கும்.

மாடியில் வளர்ப்பவர்கள் ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் நடுவதையே நான் விரும்புவேன். மாசியில் எடுக்கும்போது உலர்ந்த காற்று இருக்கும். நடுவதற்கு நடுத்தர அளவுக் காயைத் தேர்ந்தெடுத்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில், நுனி மண்ணோடு மட்டமாக நிற்கும்படி ஊன்றினால் போதும். அண்மையில் அறுவடையான காய் உறக்கத்தில் இருப்பதால் சீராக முளைக்காது. இரண்டு மாதமாவது இருப்பு வைத்த காயே விதைக்கு ஏற்றது.

கோத்தகிரி வாசகர்: வெங்காயத்தைப் போலவே பூண்டையும் தாள் முழுவதும் காய்ந்த பிறகு எடுக்கலாமா?

பதில்: கூடாது. பூண்டில் ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியும் மண்ணுக்குள் ஒரு தோலாகப் பூண்டைச் சுற்றி நிற்கிறது. தாள் முழுவதும் காயும்வரை விட்டால் அந்தத் தோல்களும் மட்கி, பற்கள் மண்ணுக்குள்ளேயே விரிந்து உதிர்ந்துவிடும். கீழ்த்தாள்கள் காய்ந்து, மேலே நான்கைந்து தாள் பச்சையாக இருக்கும்போது ஒரு செடியைத் தோண்டி, குறுக்கே அறுத்துப் பாருங்கள். பற்கள் தனித்தனியாகத் திரண்டு தோலை நெருக்கி நின்றால் மற்றவற்றையும் எடுத்துவிடலாம். இழுத்துப் பிடுங்காமல் தோட்டத்து முள்கரண்டியால் நெம்பி எடுங்கள். உங்கள் ஊரின் ஈரப்பதத்தில் தாளோடு சிறு கட்டுகளாகக் கட்டி, அடுப்பங்கரைப் பக்கத்துப் பரணில் மூன்று, நான்கு வாரம் தொங்கவிடுவது நல்லது.

நாகர்கோவில் வாசகி: வெங்காயத் தாளில் வெள்ளி நிறக் கீறல்கள் தெரிகின்றன. நுனியும் சுருள்கிறது. இது என்ன நோய்?

பதில்: பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. தாள் பிரியும் இடுக்கில் மஞ்சள் நிறத்தில் நூலிழை போன்ற சிறு பூச்சிகள் ஊர்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் அந்த இடுக்கு நனையும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். பூச்சி இல்லாமல் தாள் முறுக்கிக்கொண்டு கழுத்தும் நீண்டால் அது திருகல் நோய். அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அதே மண்ணில் அடுத்த முறை வெங்காயம் நடாமல் அவரையோ வெண்டையோ போடுங்கள்.